அடா லவ்லேஸ் அம்மையார்

பத்தாம் வகுப்பு, அ பிரிவு

கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் யாவரும் தவறாமல் நினைவுகூரும் பெண்மணி ஒருவர் உண்டு. வீடுகளில் மின்சார விளக்கே எரியாத காலத்தில் வாழ்ந்து, ஒரு கணிப்பொறியையும் கண்ணால் காணாமலே, கணிப்பொறிக்கான முதல் நிரலை அச்சில் வெளியிட்டவர் என்று போற்றப்படுபவர் அவர். அவருடைய வரலாற்றைத் தோழியருக்குச் சொல்ல விழைகிறோம். அதனுடன் அவர் எழுதிவைத்த ஒரு நுட்பத்தையும் சேர்த்தே சொல்லப் போகிறோம். ஓரிடத்தில் உள்ள மதிப்பை எடுப்பது வேறு, அவ்விடத்தில் ஒரு மதிப்பை இடுவது வேறு என்பதே அந்த நுட்பம். இது என்ன பெரிய காரியம் என்றுதான் முதலில் எங்களுக்கும் தோன்றியது.

இலண்டன் மாநகரில் 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை, பெரும் புகழ் பெற்ற கவிஞர் பைரன் பிரபு. தாய் அன்னபெல்லா சீமாட்டி, கணக்கில் மிகுந்த பற்றுடையவர். குழந்தைக்கு அகஸ்டா அடா என்று பெயர் சூட்டினர். (அடா என்பது நம் தமிழில் பையன்களைக் கூப்பிடும் சொல்லாக இருப்பதால், இப்பெயரை வகுப்பில் முதன்முதல் கேட்டபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டோம்.) குழந்தை பிறந்து ஒரு மாதம் சென்றபோது பெற்றோர் பிரிந்துவிட்டனர். 1816 ஏப்ரலில் நாட்டைவிட்டுச் சென்ற பைரன் திரும்பி வரவேயில்லை. 1824-இல் கிரேக்க நாட்டில் அவர் இறந்தபோது அடாவுக்கு வயது எட்டு. தந்தையின் படம் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் தொங்கியது. ஆனால் மகள் கண்ணில் படாதவாறு அதைத் திரை போட்டு மூடிவைத்திருந்தார்கள். கவிஞரின் மனப்போக்கு மகளுக்கும் வந்துவிடக் கூடாது என்று அஞ்சிய தாயார், சிறு வயதிலிருந்தே அவருக்குக் கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அக்காலத்துச் சீமான் வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்த கல்வி பாட்டும் தையலும் பிரெஞ்சு மொழியுமே. ஆகையால் தாயாரின் அச்சம் ஒரு வகையில் நல்லதாகவே முடிந்தது எனலாம்.

பன்னிரண்டு வயதில் அடா பறக்கும் பொறி ஒன்றைச் செய்ய எண்ணி, பறவைகளின் சிறகையும் உடலையும் அளந்து ஆராய்ந்தார். 1829-இல் வந்த மணல்வாரி நோய் அவரைப் படுக்கையில் கிடத்தியது. நெடுநாள் நடக்க இயலாமல் ஊன்றுகோல்களின் உதவியால் நடமாடினார். படிப்பை மட்டும் அவர் விடவில்லை. பின்னர் மேரி சோமர்வில் என்ற பெண் விஞ்ஞானியின் நட்பும் அவருக்கு வாய்த்தது.

1833-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பதினேழாம் வயதில், அடா சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதையைச் சந்தித்தார். பாபேஜ் அப்போது வேறுபாட்டுப் பொறி என்னும் கணக்கிடும் இயந்திரத்தின் ஒரு பகுதியைச் செய்து தம் வீட்டில் வைத்திருந்தார். விருந்துக்கு வந்தவர்கள் அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடாவோ அது எவ்வாறு இயங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மறு ஆண்டில் தாயும் மகளும் வட இங்கிலாந்தின் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கச் சென்றார்கள். துளையிட்ட அட்டைகளால் பூ வேலைப்பாட்டை நெய்யும் ஜக்கார்டு தறியை அங்கே கண்டார்கள். நம் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியின் மேலே பெட்டி ஒன்றும், அதில் கோத்துத் தொங்கும் துளை அட்டைகளும் இருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுவும் ஜக்கார்டுதான். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டையொட்டிச் செய்த அமைப்பு நம் ஊர்ச் சேலைக் கரையில் மயிலையும் அன்னத்தையும் நெய்கிறது. அதே அட்டைகளைக் கொண்டு எண்களை நெய்யலாம் என்பதே பாபேஜின் அடுத்த கனவு. அந்தப் புதிய இயந்திரத்துக்குப் பகுப்பாய்வுப் பொறி என்று பெயரிட்டார்.

1835-இல் அடா வில்லியம் கிங் என்பாரை மணந்தார். 1838-இல் கணவர் லவ்லேஸ் பிரபு ஆனதால், அடா லவ்லேஸ் சீமாட்டி ஆனார். மூன்று குழந்தைகள் பிறந்தன. மணமான பெண்ணின் சொத்தெல்லாம் கணவனுக்கே உரியது என்று அந்நாட்டுச் சட்டம் அப்போது சொல்லிற்று. அது 1870-லும் 1882-லும் வந்த சட்டங்களால்தான் மாறியது. இலண்டன் பல்கலைக்கழகம் 1878 வரை பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. ராயல் சொசைட்டியில் பெண்கள் உறுப்பினராக 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெயரும் பட்டமும் பிறர் கொடுத்தபடி மாறிக்கொண்டேயிருக்க, அடா மட்டும் வீட்டிலிருந்தே கணக்குப் படித்தார்.

1840-இல் அவருக்கு ஆசிரியராக வந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். ஒன்பதாம் வகுப்பில் கணங்கள் பாடத்தில் நாம் படித்த டி மார்கன் விதிகள் இவருடையவைதாம். இவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் மதுரை! 1806-இல் அங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்றவர். அஞ்சல் வழியாக அவர் அடாவுக்கு நுண்கணிதம் கற்பித்தார். அடாவின் அறிவை மிக உயர்வாக மதித்தார். ஆயினும் இத்தனை கடுமையான சிந்தனையைப் பெண்ணின் உடல் தாங்காது என்று தாயாருக்கு எழுதினார். மதுரையில் பிறந்தவர் என்று பெருமைப்பட்ட எங்களுக்கு இந்தச் செய்தி மட்டும் பிடிக்கவில்லை.

நிற்க. 1840-இல் பாபேஜ் இத்தாலியின் தூரின் நகரில் தம் பொறியைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதைக் கேட்ட மெனப்ரியா என்ற பொறியாளர் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதி 1842-இல் வெளியிட்டார். (இவர் பின்னாளில் இத்தாலியின் பிரதமராகவும் ஆனார்.) அடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பொறியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் சொந்தமாகவே எழுதலாமே என்று பாபேஜ் கேட்க, அடா ஏழு குறிப்புகளை எழுதிச் சேர்த்தார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். 1843-இல் அவை அச்சேறின. ஆசிரியர் பெயராக அவருடைய முதலெழுத்துகள் மூன்று மட்டுமே இருந்தன.

அக்குறிப்புகளில் உள்ளதை இனிச் சற்று நின்று பார்ப்போம். பகுப்பாய்வுப் பொறிக்கு இரண்டு பகுதிகள். ஒன்று ஆலை, அங்கே கூட்டலும் கழித்தலும் நடக்கும். மற்றொன்று களஞ்சியம், அங்கே எண்கள் காத்திருக்கும். களஞ்சியத்தில் தூண் தூணாகப் பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தூணும் ஓர் எண்ணைத் தாங்கும். அந்தத் தூணுக்கு அடா தரும் பெயர் மாறி. வி-1, வி-2, வி-3 என்று அவற்றுக்கு வரிசை எண்ணும் உண்டு. தூணின் படத்தை வரையும்போது அடியில் ஒரு கட்டத்தையும் வரைகிறார். அத்தூணில் இப்போது நிற்பது எதன் அளவு என்பதை அக்கட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். ஆக, இடம் ஒன்று, அவ்விடத்தின் பொருள் ஒன்று, அங்குள்ள எண் ஒன்று என மூன்றும் வெவ்வேறாகப் பிரிந்து நிற்கின்றன. வீட்டுக் கதவிலக்கமும், வாசலில் எழுதிய பெயரும், உள்ளே குடியிருப்பவரும் வேறு வேறு அல்லவா? அதுபோலத்தான்.

இனித்தான் முக்கியமானது வருகிறது. தூணிலிருந்து எண்ணை எடுக்க ஓர் அட்டை, தூணில் எண்ணை இட வேறோர் அட்டை. எடுக்கும் அட்டையிலும் இரு வகை உண்டு. ஒரு வகை, எண்ணைக் கொடுத்தபின் தூணைச் சுழியாக்கிவிடும். மற்றது, எண்ணைக் கொடுத்தும் தூணில் அது நிலைத்திருக்கச் செய்யும். காரணம் எளிது. சக்கரங்கள் சுழியை நோக்கித் திரும்பும்போதுதான் எண் வெளியே வரும். ஆகவே எண் தங்கவேண்டுமானால் அதைத் திரும்பவும் உள்ளே வைக்கவேண்டும். பார்ப்பதுதானே, அதனால் என்ன குறையும் என்று நாம் எண்ணுவோம். அந்தப் பொறியில் பார்ப்பதற்கும் ஒரு விலை இருந்தது.

இடுவதிலோ வேறு சிக்கல். அடா எடுத்துக்கொண்ட கணக்கு பெர்னூலி எண்கள். அதில் தொடக்கத்தில் 2-ஐயும் 4-ஐயும் பெருக்கி, 8 என்ற விடையை வி-4 முதலிய தூண்களில் இடுகிறார். வி-1 தூணில் 1 இருக்கிறது. அடுத்த செய்கையில் வி-4 இலிருந்து வி-1-ஐக் கழித்து, விடை 7-ஐ மீண்டும் வி-4 தூணிலேயே இடுகிறார். இதை நம் இயற்கணித நோட்டில் எழுதினால் எப்படியிருக்கும்? வி-4 = வி-4 − வி-1. அதாவது ஓர் எண் தன்னைவிட ஒன்று குறைந்த எண்ணுக்குச் சமம்! டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்கள். இங்கே சமக்குறி சமம் என்று சொல்லவில்லை, வலப்பக்கத்தில் கிடைத்ததை இடப்பக்கத்துத் தூணில் வை என்று கட்டளை இடுகிறது. இந்தக் குழப்பம் வராமலிருக்க, மாறியின் தலையில் இடப்புறமாக ஒரு சிற்றெண்ணை இடும் முறையை அடா விளக்குகிறார். தூண் சுழியாக இருக்கையில் 0, முதல் மதிப்பு வந்ததும் 1, அது மாறியதும் 2. இவ்வாறு எழுதினால் இடப்பக்கத்து வி-4 இரண்டாம் நிலையிலும், வலப்பக்கத்து வி-4 முதல் நிலையிலும் இருப்பது தெளிவாகிவிடும். தூண் ஒன்றே, காலம்தான் வேறு.

நம் உத்திரமேரூரில் இதற்கு ஓர் ஒப்புமை சொல்லலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருமுறை வெட்டப்பட்டுள்ளன. 919-இல் வகுத்த விதியை 921-இல் திருத்தினார்கள். பழைய கல்வெட்டைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் அவற்றின் ஆட்சியாண்டோடு நிற்கின்றன. ஆகையால்தான் என்ன மாறியது என்று இன்றும் நாம் படித்தறிகிறோம். பற்சக்கரத் தூணுக்கு அந்த வசதி கிடையாது. 7 வந்தால் 8 போயே போய்விடும். எனவே மாற்றத்தைக் காகிதத்திலாவது குறித்தாக வேண்டும். பெர்னூலி எண்களுக்காக அடா அச்சிட்ட அட்டவணையில் 25 செய்கைகள் உள்ளன. எந்த மாறியின் மதிப்பு மாறிற்று, எது மாறாமல் நின்றது என்று காட்டுவதற்கென்றே அதில் தனியாக ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்திதான் எங்களை மிகவும் கவர்ந்தது. நான்காம் செய்கையில் வகுபடும் மாறியும் வகுக்கும் மாறியும் இடம் மாறி அச்சாகியிருப்பதையும் பிற்காலத்தார் கண்டுபிடித்தார்கள். முதல் நிரலிலேயே முதல் பிழையும் வந்துவிட்டது!

இந்தக் குறிப்புகளில் பாதிக்குமேல் பாபேஜின் வேலைதான் என்று வாதிடுவோரும் உண்டு. பாபேஜ் 1864-இல் எழுதிய தன் வரலாற்றில் நடுநிலையாகவே சொல்கிறார். பெர்னூலி எண்களின் இயற்கணிதத்தைத் தாம் செய்து கொடுத்ததாகவும், அதில் தாம் செய்த பெரும் பிழையை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் அதில் உள்ளது. ஆசிரியரின் பிழையைக் கண்டுபிடிக்கும் மாணவி பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டவராகத்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

அதன்பின் வந்த ஆண்டுகள் துன்பமானவை. அரசாங்கத்தைக் குறைகூறும் முன்னுரையொன்றைப் பெயரில்லாமல் குறிப்புகளோடு சேர்க்கப் பாபேஜ் விரும்பினார். அடா உறுதியாக மறுத்தார். பொறியைக் கட்டும் பணியின் நிர்வாகத்தைத் தாம் ஏற்பதாக அடா எழுதினார். பாபேஜ் அதை மறுத்தார். நட்பு மட்டும் முறியவில்லை. பொறி கட்டப்படவேயில்லை. அடா குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டுக் கடனாளியானார். குடும்ப நகைகளை அடகு வைத்தார், தாயார் மீட்டார். பிறகு புற்றுநோய் கண்டது. கடைசி மாதங்களில் தாயார் வீட்டுப் பொறுப்பை ஏற்று, யார் வந்து பார்க்கலாம் என்பதைத் தாமே முடிவு செய்தார். பாபேஜுக்குக் கூட அனுமதியில்லை. 1852 நவம்பர் 27 அன்று, தந்தை இறந்த அதே 36-ஆம் வயதில், அடா உயிர் நீத்தார். கண்ணால் கண்டு நினைவில்லாத தந்தையின் பக்கத்திலேயே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே ஹக்னல் என்ற ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து, மின்னணுக் கணிப்பொறிகள் வந்தபின், 1953-இல் அவருடைய குறிப்புகள் மறுபடியும் அச்சாயின. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை புதிய நிரல் மொழியொன்றை உருவாக்கச் செய்து, அதற்கு அடா என்றே பெயரிட்டது. அதன் விதிநூல் 1980-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், அவர் பிறந்த நாளன்று, ஏற்கப்பட்டது. விதிநூலின் எண் 1815. 1995-இல் அம்மொழி பொருள்நோக்கு நிரலாக்க மொழியாகவும் வளர்ந்தது.

பொருள்நோக்கு நிரலாக்கத்தை அடா அம்மையாரே கண்டுபிடித்ததாகச் சொல்வது மிகை. அது 1967-இல் நார்வே நாட்டில் டாலும் நிகார்டும் செய்த சிமுலா மொழியோடு தொடங்கியது. அடாவின் தூண்களுக்குத் தாம் யாருக்குச் சொந்தம் என்று தெரியாது. பொருள்நோக்கு முறையிலோ மதிப்பிருக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்குச் சொந்தம். அதைப் பண்புக்கூறு என்பார்கள். பொருளின் பெயர், ஒரு புள்ளி, பண்புக்கூற்றின் பெயர் என்று எழுதவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார்களின் பாடநூலில் உள்ள பைத்தான் மொழியில் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இப்படியும் எழுதலாம்:

மலர்.ஊர் = "தாமல்"

இது இடுவது. மதிப்பிருத்தல் என்று பாடநூல் சொல்கிறது. மலர் என்ற பொருளுக்கு ஊர் என்ற பண்புக்கூறு இல்லாவிட்டாலும் புதிதாக உண்டாகிவிடும். சமக்குறி இல்லாமல் மலர்.ஊர் என்று மட்டும் எழுதினால் அது எடுப்பது.

இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர்தானே என்று நினைத்தால் ஏமாறுவோம். மாணவி என்ற இனக்குழுவில் சீருடை நீலம் என்று ஒருமுறை எழுதிவைத்திருப்பதாகக் கொள்வோம். மலரும் தேவியும் அந்த இனக்குழுவைச் சேர்ந்த பொருள்கள். மலரின் சீருடையைக் கேட்டால் பைத்தான் முதலில் மலரிடம் தேடும். அங்கே இல்லாததால் மாணவி இனக்குழுவுக்கு ஏறிப் பார்க்கும். அங்கும் இல்லாவிட்டால் அதன் தாய் இனக்குழுவுக்கு. எங்கும் இல்லையென்றால்தான் பிழை என்று சொல்லும். இப்போது மலரின் சீருடைக்கு வெள்ளை என்று இடுவோம். இது மேலே ஏறாது, மலரிடமே தங்கிவிடும். இனக்குழுவில் நீலம் அப்படியே இருக்கும், தேவிக்கும் நீலமே. மலரின் வெள்ளையை நீக்கினால் பழைய நீலம் மறுபடியும் தெரியும். எடுப்பது பரம்பரை வழியே மேலே ஏறுகிறது. இடுவது தன்னோடு நிற்கிறது.

இதில் ஒரு பொறியும் உண்டு. இனக்குழுவில் பாடங்கள் என்று ஒரு பட்டியல் இருந்து, மலர் வழியாக அதில் இசை என்று சேர்த்தால், தேவிக்கும் இசை வந்துவிடும். பட்டியலை மேலே ஏறி எடுத்து அதற்குள் எழுதினோமே தவிர, மலருக்கென்று எதையும் இடவில்லை. வகுப்பு அறிவிப்புப் பலகையில் ஒருத்தி எழுதினால் எல்லாரும் படிப்பதைப் போன்றது அது.

எல்லா மதிப்பையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விட்டுவிடவும் முடியாது. எங்கள் தாமல் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று நெடுஞ்சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். ஆனால் ஏரிப் பாசனமுள்ள கிராமங்களில் வயற்காரர் ஒவ்வொருவரும் மதகை நினைத்தபடி தூக்கிவிட முடியாது. நீர்க்கட்டியிடம் சொல்லவேண்டும். அவர் முறை பார்த்து, மட்டம் பார்த்துத் திறப்பார். நிரலிலும் அவ்வாறு ஒரு நீர்க்கட்டியை நிறுத்தலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரணப் புள்ளியும் சமக்குறியுமாகவே தெரியும். உள்ளே ஒரு செயற்கூறு விழித்திருந்து, வயது 200 என்று யாராவது இட வந்தால் மறுத்து அனுப்பும். பைத்தானில் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு போட்டு, இதைத் தொடாதீர் என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால் தொட்டால் தடுக்காது. மரியாதையை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதில் எங்களுக்குச் சந்தேகந்தான்.

அடா மொழி அவ்வளவு தாராளம் காட்டாது. அதில் ஒரு பொருளின் உள்ளுறுப்புகளைத் தனியுரிமை என்று அறிவித்துவிட்டால், உரிய செயற்கூறுகள் வழியாகவன்றி வெளியார் அவற்றை எடுக்கவும் முடியாது, இடவும் முடியாது. 1980-களில் வந்த முதல் பதிப்பிலேயே அதைவிடக் கடுமையான இன்னொரு வகையும் இருந்தது. அவ்வகைப் பொருளின்மேல் வெளியிலிருந்து மதிப்பிருத்தலே செய்ய இயலாது. அப்படி ஒரு வரியை எழுதிக் கொடுத்தால், நிரல் ஓடத் தொடங்குமுன்பே கம்பைலர் அந்த வரியைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடும்.